லேபிள் ஒட்டாத புட்டி

எடமலைப்பட்டி புதூர்
8-1-2024

அன்புள்ள சந்திராவுக்கு,

இந்தக் கடிதத்தில் எழுத இருப்பவை:

1. உன் உடம்பைப் பற்றி உத்திர வீதி வைத்தியர் சொன்னதும், என் ஹோமியோபதிப் புத்தகம் சொல்வதும்.
2. இரண்டு மருந்தையும் சேர்த்து எடுக்கும் முறை.
3. விலக்க வேண்டியவை.
4. நீ நிரப்ப வேண்டிய அட்டவணை.
5. என் சந்தேகங்கள்.

போனில் நான் "அது வந்து, அது வந்து" என்று இழுப்பதைக் கேட்கப் பொறுமை இல்லை, எழுதி அனுப்பு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். கோபத்தில் சொன்னாலும் எனக்கு அது நல்லதுதான். எழுதினால் அடித்துத் திருத்தலாம்.

முதலாவது. படுத்தால் பாதம் எரிகிறது, வயிறு உப்புகிறது, தூக்கம் துண்டு துண்டாக வருகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது, தோல் வறண்டுபோயிருக்கிறது என்றாய். வைத்தியர் நாடி பார்த்து வாத தோஷம் ஏறியிருக்கிறது என்றார். வாதம் என்றால் வறட்சி, குளிர்ச்சி, ஒழுங்கில்லாத போக்கு. இதே குறிகளை என் புத்தகத்தில் தேடினேன். லைகோபோடியம் என்ற மருந்தின் கீழ் பாதிக்கு மேல் இருக்கின்றன. உப்புசம், வறண்ட தோல், சாயங்காலம் அதிகமாவது, தனியாக இருக்கப் பயம். கடைசிக் குறி உனக்கு இல்லை. எனக்குத்தான் உண்டு.

இரண்டாவது. வைத்தியரின் கஷாயத்தைக் காலை ஆறு, மாலை ஆறு மணிக்குக் குடி. என் உருண்டைகள் காலை ஒன்பது, இரவு ஒன்பது, நான்கு நான்காக. சர்க்கரைக்கு நீ சாப்பிடும் இங்கிலீஷ் மாத்திரையை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தக் கூடாது. வைத்தியர் சொன்னபடி காலுக்குத் தைலம் தேய்த்து வெந்நீர்ப் பையால் ஒத்தடம் கொடுப்பதைத் தொடரலாம். குளிர்ச்சிக்குச் சூடு நல்லது என்பதில் இரண்டு வைத்தியமும் ஒத்துப்போகின்றன. இந்தக் கடிதத்தில் எனக்குச் சந்தேகமே இல்லாத இடம் இது ஒன்றுதான்.

மூன்றாவது. கற்பூரம், பெருங்காயம், பச்சை வெங்காயம், காபி. இவை என் மருந்தை முறிக்கும் என்கிறார்கள்.

நான்காவது. அட்டவணை இணைத்திருக்கிறேன். எரிச்சல், தூக்கம், வயிறு, தலைசுற்றல் என்று நான்கு கட்டங்கள். தினமும் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் போடு. தொந்தரவு அதிகம் என்றால் பெரிய எண்.

ஐந்தாவது. நான் டாக்டர் இல்லை. தபால் வழியில் ஒரு சான்றிதழ் வாங்கியவன். கைலாசபுரம் பாய்லர் தொழிற்சாலையில் முப்பத்து மூன்று வருஷம் பற்றவைத்த இணைப்புகளில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டு வாசலுக்கு நாலு பேர் வருகிறார்கள் என்பதால் நீ என்னை அதிகமாக நம்பிவிடக் கூடாது. முன்பின் தெரியாதவர்களுக்கு மருந்து கொடுக்கும்போது வராத தயக்கம் உனக்குக் கொடுக்கும்போது வருகிறது. ஏன் என்று தெரியவில்லை.

சம்மதம் என்றால் எழுது. மருந்து அனுப்புகிறேன்.

அண்ணன்,
பிச்சமுத்து


ஸ்ரீரங்கம்
13-1-2024

அண்ணே,

லெட்டர் வந்தது. நம்பர் போட்டு இருந்ததைப் பார்த்து ஹெட் ஆபீஸ் சர்க்குலர்னு நெனச்சு, படிச்சேன்னு ஓரத்துல கையெழுத்துப் போடப் போயிட்டேன். முப்பது வருஷ தபால் ஆபீஸ் பழக்கம் போகுமா. ஸ்டாம்பை ஏன் கோணலா ஒட்டற? முத்திரை குத்தறவனுக்கு அது எவ்வளவு எரிச்சல் தெரியுமா.

ரசத்துல பெருங்காயம் கூடாது, காபி கூடாது, வெங்காயம் கூடாது. இதெல்லாம் விட்டா வாதம் போவுதோ இல்லையோ, சாப்பாட்டு மேல இருக்கற ஆசை போயிடும். சரி, விடறேன். ஆனா கற்பூரம்னு எழுதியிருக்க பாரு, அங்கதான் சிக்கல். காலைல கோயிலுக்குப் போனா தீர்த்தம் குடுக்கறாங்க. அதுல பச்சைக் கற்பூரம் இருக்கு. உன் சீனி உருண்டைக்காக நான் பெருமாள் தீர்த்தத்தை வேண்டாம்னு சொல்லி கையை இழுத்துக்கணுமா? அர்ச்சகர் என்னன்னு கேட்டா, எங்கண்ணன் எடமலைப்பட்டி புதூர்லேந்து தடை உத்தரவு போட்டிருக்கார்னு சொல்லட்டுமா?

வைத்தியரு கிட்ட உன்னைப் பத்திச் சொன்னேன். சிரிச்சாரு. "ரெண்டு பேரும் சேர்ந்து இழுத்து தேர் நகந்தா சரி"ன்னாரு. கால் மரத்திருக்கான்னும் கேட்டாரு. இல்லன்னேன். மரத்திருந்தா எப்படி எரியும்?

ஒண்ணு மட்டும் உன்கிட்ட கண்டிப்பா சொல்லணும். ரெங்கராஜ் காதுக்கு ஒரு வார்த்தை போகக் கூடாது. உன் புள்ள கலையரசன்கிட்டயும் சொல்லி வை. ரெங்குவுக்கு ஓசூர்ல ஏழாவது மாடில ஃபிளாட். அம்மா ஒரு தும்மல் போட்டா போதும், வேன் எடுத்துக்கிட்டு வந்து சாமானை ஏத்திடுவான். புள்ள மேல குத்தம் இல்ல, பாசம்தான். ஆனா அங்க நான் என்ன செய்வேன்? ஜன்னல்ல நின்னு கீழ போற கார எண்ணுவேன். இங்க காலைல எழுந்து கோயிலுக்கு நடந்து போயிட்டு, ஆத்தங்கரை வரைக்கும் ஒரு நடை போயிட்டு வரேன். கால் இருக்கற வரைக்கும்தான் எனக்கு இந்த ஊர். அதுக்குத்தான் உன் மருந்தையும் சாப்பிடறேங்கறேன், அவர் மருந்தையும் சாப்பிடறேங்கறேன். வேற யாராவது ஒருத்தர் குடுத்தாலும் சாப்பிடுவேன்.

அனுப்பு. புட்டியைச் சாதாக் கவர்ல போடாத, உடையும். அட்டைப் பெட்டில பஞ்சு வெச்சு அனுப்பு.

சந்திரம்மாள்


எடமலைப்பட்டி புதூர்
22-1-2024

அன்புள்ள சந்திராவுக்கு,

தீர்த்தத்தைப் பற்றி நான் யோசித்திருக்க வேண்டும். அதை விட வேண்டாம். தீர்த்தத்துக்கும் உருண்டைக்கும் ஒரு மணி நேர இடைவெளி இருந்தால் போதும் என்று வைத்துக்கொள்வோம். இதற்கு ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை.

அட்டைப் பெட்டியில், பஞ்சு வைத்து, ஒரு புட்டி அனுப்பியிருக்கிறேன். லேபிள் ஒட்டவில்லை. லேபிள் இருந்தால் நீ யாரிடமாவது காட்டி விசாரிப்பாய், அவர்கள் ஏதாவது சொல்வார்கள், மனம் குழம்பும். இரண்டு மாதத்துக்கு இது போதும். ஆறு வாரம் வரை எதையும் மாற்ற வேண்டாம்.

இன்னொரு விஷயம். வைத்தியர் சாப்பாட்டுக்கு முன்னால் மோரில் கலக்கிச் சாப்பிடச் சொன்ன சூரணத்தின் பெயரை அன்று போனில் சொன்னாய் அல்லவா, அதில் முக்கியச் சரக்கே பெருங்காயம்தான். இதைச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை, அந்தச் சூரணத்தை நிறுத்து என்று சொல்லவும் மனம் வரவில்லை. அவர் பல தலைமுறையாக வைத்தியம் பார்க்கிற குடும்பம். நான் யார். நீயே யோசித்துக்கொள். இப்படி எழுதுவது உனக்கு உதவி இல்லை என்று தெரிகிறது. மன்னித்துக்கொள்.

ரெங்கராஜுக்கு எதுவும் தெரியாது. கலையரசனிடமும் சொல்லிவிட்டேன். "ஏம்பா, சுகர் இருக்கறவங்களுக்கு கால்ல பிரச்சினைன்னா பெரிய டாக்டர்ட்ட காட்டறதுதானே" என்றான். நான் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டேன்.

நீ ஒரு முறை காட்டிவிடலாமே. வற்புறுத்தவில்லை.

அண்ணன்,
பிச்சமுத்து


ஸ்ரீரங்கம்
24-2-2024

அண்ணே,

அட்டவணை ரெண்டு தாளும் இதோட இருக்கு. ஒரு நாள் விடாம எழுதியிருக்கேன். நீ போட்ட கட்டம் சின்னது, என் எழுத்து பெரிசு, அதனால அங்கங்க வெளில வந்திருக்கும்.

எரிச்சல் கட்டத்தைப் பாரு. மொத நாள் எட்டு. இப்ப பூஜ்யம். நெசமாவே இல்லண்ணே. ஒரு வருஷமா படுத்தா பாதத்துல மிளகாயை அரைச்சுத் தேச்ச மாதிரி இருக்கும். ஈரத்துணியைச் சுத்திக்கிட்டு உக்காந்திருப்பேன். பத்து நாளா அது இல்ல. தூங்கறேன். வயிறும் தலைசுத்தலும் பழையபடிதான், அதுக்கு நெசத்தைப் போட்டிருக்கேன்.

இன்னொண்ணு சொல்றேன் கேளு. மாசி வெயில் ஆரம்பிச்சிடுச்சு. நேத்து கோயில்ல பிரகாரம் சுத்தி வரப்ப மணி பன்னண்டு ஆயிடுச்சு. கருங்கல் தரை. எல்லாரும் தாவித் தாவி நிழலுக்கு ஓடறாங்க. காலேஜ் பொண்ணுங்க ரெண்டு பேரு அலறிக்கிட்டு ஓடுதுங்க. நான் நிதானமா நடந்து வரேன். ஒரு அம்மா, "எப்படி மாமி இவ்வளவு பொறுமையா"ன்னு கேட்டுச்சு. எங்கண்ணன் மருந்துன்னேன்.

கீழ் போர்ஷன்ல பெலிண்டாவைத் தெரியும்ல, ஆஸ்பத்திரில நர்ஸா இருக்கற பொண்ணு. அதுகிட்டயும் சொன்னேன். "ஆன்ட்டி, எதுக்கும் ஒரு தடவை காலைக் காட்டிடுங்க"ன்னுச்சு. நல்லா இருக்கறப்ப எதுக்குக் காட்டணும்? ஆஸ்பத்திரில வேலை பாக்கறவங்களுக்கு எல்லாரும் நோயாளியாத்தான் தெரியும்.

தைலம் தேய்க்கறேன், ஒத்தடம் குடுக்கறேன். வெந்நீர்ப் பை பழசு, சூடே ஏற மாட்டேங்குது. கொதிக்கக் கொதிக்கத்தான் ஊத்த வேண்டியிருக்கு.

நீ டாக்டர் இல்ல டாக்டர் இல்லன்னு சொல்லிக்கிட்டே இரு. எனக்குத் தெரியும்.

சந்திரம்மாள்


எடமலைப்பட்டி புதூர்
1-3-2024

அன்புள்ள சந்திராவுக்கு,

உன் கடிதத்தையும் அட்டவணையையும் மூன்று முறை பார்த்தேன். உனக்கு எரிச்சல் போய்விட்டது என்பதில் எனக்குச் சந்தோஷம். இதில் என் மருந்தின் பங்கு பெரிதாக இருக்க முடியாது. இதை அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. வைத்தியரின் கஷாயம்தான் செய்திருக்கும். அவரிடம் என் வணக்கத்தைச் சொல்.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எங்கள் ஹோமியோபதி நண்பர்கள் மாதம் ஒருமுறை கூடுகிறோம். பத்தாம் தேதி என்னை ஒரு கட்டுரை படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். வாத தோஷத்துக்கு இரண்டு முறைகளையும் சேர்த்துக் கொடுப்பது பற்றி எழுதலாமா என்று தோன்றுகிறது. உன் பெயர் வராது. "அறுபத்தெட்டு வயதுப் பெண்மணி" என்று மட்டும் வரும்.

அதனால் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. கேட்காமல் இருந்துவிடலாம் என்று இரண்டு நாள் பார்த்தேன். எரிச்சல் கட்டத்தில் எட்டு, எட்டு, எட்டு, ஏழு, ஏழு, ஏழு, ஆறு என்று படிப்படியாக இறங்குகிறது. ஒரு நாள்கூட ஏறி இறங்கவில்லை. உடம்பு இப்படி நடக்காது. ஒரு நாள் குறையும், மறுநாள் கூடும். தொழிற்சாலையில் ஒருவர் கொண்டுவரும் அளவுகள் இத்தனை ஒழுங்காக இருந்தால், அவர் அளக்காமல் உட்கார்ந்த இடத்தில் எழுதினார் என்று அர்த்தம். நீ அப்படிச் செய்வாய் என்று சொல்லவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று கொஞ்சம் குறைத்துப் போட்டிருந்தால் சொல்லிவிடு. நான் கோபிக்க மாட்டேன்.

அண்ணன்,
பிச்சமுத்து


ஸ்ரீரங்கம்
6-3-2024

அண்ணே,

முப்பது வருஷத்துல ஒரு ரிஜிஸ்டர்ல நான் பொய் எழுதினதில்ல. ஒரு மணியார்டர் ஆள் மாறினதில்ல. பெத்த புள்ளகிட்டகூட மறைச்சு, உன்னை நம்பித்தான் தினமும் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அந்தக் கட்டத்துல எழுதினேன். நீ அதை உன் கம்பெனிக்காரன் கொண்டாந்த கணக்கு மாதிரி பாக்கற.

உடம்பு எப்படி நடக்கும்னு உன் புத்தகத்துக்குத் தெரியும். என் உடம்பு எனக்குத் தெரியும்.

கட்டுரை படிச்சுக்க. இனிமே அட்டவணை கிடையாது. லெட்டரும் வேண்டாம். போனும் பண்ணாத.

சந்திரம்மாள்


எடமலைப்பட்டி புதூர்
20-3-2024

அன்புள்ள சந்திராவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். ஒரு பக்கத்துக்கு மேல் எழுதவில்லை.

நான் கேட்டது தவறு. நீ எழுதிய எண்கள் உண்மை என்றே நம்புகிறேன். இதை நேரில் வந்து சொல்லலாம் என்று போன வியாழக்கிழமை சத்திரம் வரைக்கும் வந்தேன். ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் பஸ் இரண்டு போனது. ஏறவில்லை. கதவைச் சாத்திவிடுவாயோ என்று நினைத்தேன். திரும்பிவிட்டேன்.

கட்டுரையைப் படித்தேன். கைதட்டினார்கள். அமிர்தராஜ் என்று ஒரு நண்பர், அவர் அக்காவுக்கும் இதே மாதிரி பாத எரிச்சலாம். கட்டுரையைப் பிரதி எடுத்துக்கொண்டு போனார். எனக்கு அது பெருமையாக இல்லை. களைப்பாக இருந்தது.

புட்டி முடியப் போகும். என்ன செய்வது என்று எழுது. ஒரு வரி போதும்.

அண்ணன்,
பிச்சமுத்து


திருச்சி
4-4-2024

அண்ணே,

ஆஸ்பத்திரிலேந்து எழுதறேன். பெலிண்டா வேலை பாக்கற இடம்தான். பயப்படாத. உக்காந்துதான் எழுதறேன்.

வலது கால்ல சுண்டு விரலும் அதுக்கு அடுத்ததும் எடுத்துட்டாங்க. திங்கக்கிழமை. முடிஞ்சுபோச்சு.

என்ன ஆச்சுன்னா, உன்கிட்ட கோச்சுக்கிட்டு எழுதினேன்ல, அதுக்கு ஒரு வாரம் கழிச்சு, ஒத்தடப் பையைக் காலடில வெச்சுக்கிட்டே தூங்கிட்டேன். காலைல பாத்தா பாதத்து ஓரம் தோல் பேப்பர் மாதிரி கழண்டு கிடக்கு. வலியே இல்ல. வலிச்சிருந்தா பாத்திருப்பேன்ல. தைலத்தைத் தடவிட்டுக் கோயிலுக்குப் போயிட்டேன். வெறுங்கால். அப்படியே ரெண்டு வாரம். ஒரு நாள் பெலிண்டா மாடிப்படில எனக்குப் பின்னாடி ஏறி வந்துச்சு. "ஆன்ட்டி, என்ன வாடை"ன்னு கேட்டுட்டு என்னைப் படியிலயே உக்கார வெச்சு காலைத் திருப்பிப் பாத்துச்சு. பாத்த கையோட ஆட்டோவைக் கூப்புட்டுச்சு.

இங்க டாக்டரம்மா சின்னப் பொண்ணு. கண்ணை மூடிக்கச் சொல்லி ஊசி நுனியால பாதத்துல தொட்டுத் தொட்டு, "எங்க தொடறேன் சொல்லுங்க"ன்னுச்சு. நான் உத்தேசமா விரலு, குதிகாலுன்னு சொல்லிக்கிட்டே வந்தேன். கண்ணைத் தொறந்தா அது ஊசியைக் கீழ வெச்சுட்டு சும்மா உக்காந்திருக்கு. தொடவே இல்லையாம். எரிச்சல் போனது குணமாகிப் போனது இல்லையாம். நரம்பு செத்துப்போச்சாம். நான் எழுதின எட்டு, ஏழு, ஆறு எல்லாம் அதுதான்.

உன்கிட்ட ஒண்ணு மறைச்சேன். வைத்தியர் சூரணத்துல பெருங்காயம் இருக்குன்னு எழுதினல்ல, அன்னிக்கே அவரோட சூரணம், கஷாயம் ரெண்டையும் நிறுத்திட்டேன். உன் மருந்தை எதுவும் கெடுத்துடக் கூடாதுன்னுதான். தைலமும் ஒத்தடமும்தான் விடல. உன் உருண்டை மட்டும் ஒரு வேளை தப்பல, கோவமா இருந்தப்பகூட. அது இல்லாட்டி முட்டி வரைக்கும் போயிருக்கும், ரெண்டு விரலோட நின்னுச்சேன்னு நெனச்சுக்கறேன்.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு அனுப்பறாங்க. வீட்டுலயும் தினம் ரெண்டு வேளை இன்சுலின் போட்டுக்கணுமாம். போடலன்னா அடுத்தது கணுக்கால்னு சொல்றாங்க. பயமுறுத்தறது அவங்க வேலை. ஆயுசு பூரா வயித்துல ஊசி குத்திக்கிட்டு இருக்க என்னால ஆகாது. மாட்டேன்னுட்டேன். உன் புட்டி காலி. அதே மருந்தை, எதையும் மாத்தாம, அதே மாதிரி அனுப்பு. அது போதும் எனக்கு.

நீ வராத. வந்தா அழுவ. எனக்குப் பாக்கத் தாங்காது.

சந்திரம்மாள்


எடமலைப்பட்டி புதூர்
6-4-2024

அன்புள்ள சந்திராவுக்கு,

இதைக் கலையரசன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். தபாலுக்கு நேரமில்லை. நானே வந்திருக்கலாம். நேரில் வந்தால் இதைச் சொல்லாமல் திரும்பிவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

1. இன்சுலின் போட்டுக்கொள்ள வேண்டும்.
2. ஒத்தடமும் அட்டவணையும் என் பிழைகள்.
3. புட்டியில் என்ன இருந்தது.
4. ஏன் அப்படி அனுப்பினேன்.

ஒன்று. டாக்டர் சொன்னபடி, அந்த அளவில், அந்த நேரத்தில் போட்டுக்கொள். மூன்றாவதைப் படித்த பிறகு ஏன் என்று கேட்கமாட்டாய்.

இரண்டு. குளிர்ச்சிக்குச் சூடு என்பதில் இரண்டு வைத்தியமும் ஒத்துப்போகின்றன, சந்தேகமில்லை என்று எழுதினேன். வைத்தியராவது கால் மரத்திருக்கிறதா என்று கேட்டார். நான் அதுகூடக் கேட்கவில்லை. சர்க்கரை உள்ள காலுக்குக் கொதிநீர்ப் பை ஆகாது என்பது என் தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கும் நஸ்ருல்லாவுக்குத் தெரிந்திருக்கிறது. நேற்றுக் கேட்டேன். அட்டவணையில் எரிச்சலுக்குக் கட்டம் போட்டேன். மரத்துப்போனதற்குக் கட்டம் போடவில்லை. நீ உண்மையைத்தான் எழுதினாய். கருங்கல் தரையில் நீ நிதானமாக நடந்தாய் என்று படித்தபோது நான் பதறியிருக்க வேண்டும். எண்கள் ஒழுங்காக இருக்கின்றனவே என்று உன்னைச் சந்தேகப்பட்டேன்.

மூன்று. நான் அனுப்பிய புட்டியில் மருந்து இல்லை. ஹோமியோபதி உருண்டை சீனியில் செய்வது. அதன்மேல் மருந்துத் துளியைவிட்டுக் கலப்போம். நான் துளி விடவில்லை. நீ சாப்பிட்டது வெறும் சீனி உருண்டை. சந்திரா, உன் காலை அது காப்பாற்றவில்லை. இரண்டு விரலோடு நின்றது பெலிண்டாவாலும் அந்த டாக்டராலும். நீ வைத்தியர் மருந்தையும் நிறுத்திவிட்டதால், ஜனவரியிலிருந்து சர்க்கரை மாத்திரை தவிர உனக்கு எந்த மருந்தும் இல்லை. அதுவும் போதவில்லை. அதே மருந்தை அனுப்பு என்கிறாய். அனுப்ப அப்படி ஒன்று கிடையாது.

நான்கு. இரண்டு மருந்தையும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. அதனால் ஆறு வாரம் வைத்தியர் மருந்து மட்டும் என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டு, பிறகு என் மருந்தைச் சேர்க்கலாம் என்று நினைத்தேன். உனக்குத் தெரிந்தால் நீ போடும் எண் மாறிவிடும் என்பதால் சொல்லவில்லை. சோதனை முறையில் இது வழக்கம்.

அமிர்தராஜிடம் கட்டுரை முழுவதும் தவறு என்று சொல்லிவிட்டேன். அவர் அக்காவை உடனே ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னேன். காட்டியிருக்கிறார்கள்.

நீ என்ன எழுதினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

அண்ணன்,
பிச்சமுத்து


ஸ்ரீரங்கம்
13-4-2024

அண்ணே,

கலையரசன் கவரைக் குடுத்துட்டு, நான் படிச்சு முடிக்கிற வரைக்கும் வார்டு வாசல்லயே நின்னான். அவனுக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியும்போல. நான் மடிச்சு தலைகாணிக்கு அடில வெச்சதும், "வரேன் அத்தை"ன்னுட்டுப் போயிட்டான்.

ஊசி போட்டுக்கறேன். பெலிண்டா வந்து போட்டுவிடுது. நானே போட்டுக்கப் பழக்குது. "தபால் பையைத் தைக்கற கோணி ஊசியா ஆன்ட்டி இது, இதுக்குப் போயி"ங்குது. வலிக்கல. வயித்துல உணர்ச்சி இருக்கு, ஆனா வலிக்கல.

ரெங்கு வந்துட்டான். திட்டல. அதுதான் கஷ்டமா இருக்கு. கட்டு பிரிச்சதும் வீட்டைக் காலி பண்ணிட்டு ஓசூர் போறோம். சரின்னுட்டேன். இந்தக் காலை வெச்சுக்கிட்டு வாதாட எனக்கும் தெம்பு இல்ல. நேத்து சாமானெல்லாம் கட்டினாங்க. மாடிப்படில என்னை நாற்காலியோட தூக்கித்தான் இறக்கணுமாம். கோயில் வரைக்கும் ஒரு தடவை வீல் சேர்ல கூட்டிட்டுப் போறேன்னான். வேண்டாம்னுட்டேன்.

உன் லெட்டரை நாலு தடவை படிச்சுட்டேன். ரெண்டாவது நம்பருக்கு உன் மேல கோவம் இல்ல. நானும்தான் கொதிக்கக் கொதிக்க ஊத்தினேன். மூணாவது நம்பருக்குக் கோவம் இருக்கு. அது இருக்கும், போகறப்ப போகட்டும்.

நாலாவதை மட்டும் நான் நம்பல. ஞாயித்துக்கிழமை உன் வாசலுக்கு வர்ற எவ்வளவு பேருக்கு மருந்து குடுத்திருக்க. அதுல யாருக்காவது சீனியை மட்டும் குடுத்திருக்கியா? ஒருத்தருக்காவது? எனக்கு மட்டும் ஏன் சோதனை முறை?

அதுக்கு மட்டும் பதில் எழுது. நம்பர் போட்டு எழுதினாலும் சரி. ரெங்கு ஃபிளாட் அட்ரஸ் பின்னாடி எழுதியிருக்கேன். பின்கோடு 635109. எண்ணைத் தெளிவாப் போடு.

சந்திரம்மாள்


எடமலைப்பட்டி புதூர்
18-4-2024

அன்புள்ள சந்திராவுக்கு,

நாளை ஓட்டுப்பதிவு. தபால் ஒரு நாள் தாமதமாகலாம். நீ ஓசூர் போய்ச் சேர்வதற்குள் இது அங்கே இருக்க வேண்டும் என்று இன்றே எழுதுகிறேன்.

நீ கேட்டது சரி. இல்லை. ஒருவருக்கும் கொடுத்ததில்லை. பதினெட்டு வருஷத்தில் எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்று நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். எல்லோருக்கும் மருந்து கலந்துதான் கொடுத்திருக்கிறேன். சிலர் திரும்பி வந்து குணமாகிவிட்டது என்றார்கள். பலர் திரும்பி வரவில்லை. வராதவர்களும் குணமாகித்தான் போனார்கள் என்று வைத்துக்கொண்டேன். அவர்களைத் தேடிப் போய் நான் கேட்டதில்லை.

உன் விஷயத்தில் அப்படி வைத்துக்கொள்ள முடியாது. நீ திரும்பி வராமல் இருக்க மாட்டாய். எழுதுவாய். எரிகிறதா இல்லையா என்று கட்டத்தில் போடுவாய். ஜனவரி இருபத்தொன்றாம் தேதி லைகோபோடியம் புட்டியைத் திறந்து, துளி விடுகிற குழாயைக் கையில் எடுத்தேன். இதை அனுப்பி, ஆறு வாரம் கழித்து நீ "ஒன்றும் ஆகவில்லை அண்ணே" என்று எழுதினால் என்ன செய்வேன் என்று தோன்றியது. உனக்கு வேலை செய்யவில்லை என்றால் மற்றவர்களுக்கு எப்படி வேலை செய்தது என்று நான் யோசிக்க வேண்டி வரும். எழுபத்து மூன்று வயதில் அதை யோசிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. குழாயைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வெறும் உருண்டையைப் புட்டியில் போட்டு மூடினேன். சோதனை முறை என்ற காரணம் அதற்குப் பிறகுதான் வந்தது. பெட்டியில் பஞ்சு வைக்கும்போது வந்தது என்று நினைக்கிறேன். வந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது, ஏனென்றால் அது நன்றாகவும் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை நான்கு பேர் வந்தார்கள். மருந்து கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். ஒருவர் கோபித்துக்கொண்டார்.

ஊசியை நேரத்துக்குப் போட்டுக்கொள். இடது பாதத்தைத் தினமும் ரெங்கராஜைத் திருப்பிப் பார்க்கச் சொல், உனக்கு வலித்தாலும் வலிக்காவிட்டாலும். உன்னைப் பார்க்க ஓசூருக்கு வரலாமா என்று கேட்க இருந்தேன். அதை நீ முடிவு செய்.

எது வேலை செய்தது என்று தெரிந்துகொள்ளத்தான் அப்படி அனுப்பினேன் என்று நான்காவது குறிப்பில் எழுதியிருந்தேன். தெரிந்துகொள்ளாமல் இருக்கத்தான் அனுப்பினேன். நான்காவது குறிப்பு தவறு.

அண்ணன்,
பிச்சமுத்து